ஒரு பாட்டை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பது எப்படி?

காரிகை கற்றுக் கவி பாடுவதைவிடப் பேரிகை கொட்டிப் பிழைப்பது மேல் என்று ஒரு பழைய பேச்சு உண்டு. செய்யுள் இலக்கண நூலான யாப்பருங்கலக்காரிகையைப் படித்துத் தலைசுற்றிப்போன யாரோ சொல்லியிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் எனக்கும் அதே நிலைமைதான். ‘அலகிட்டு வாய்பாடு தருக’ (பாட்டை ஓசைத் துண்டுகளாகப் பிரித்து, அந்த அமைப்புக்குப் பெயர் சொல்லுக) என்ற கேள்விக்குத் தேமா, புளிமா என்று எழுதி மதிப்பெண் வாங்கினேன்; தேர்வு முடிந்ததும் மறந்தேன். அந்தத் தேமாவால் பாட்டுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

காரிகையும் பேரிகையும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்பது பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது. இரண்டும் தாளம். அலகிடுவது பெயர் சூட்டுவதற்காக இல்லை. ஒரு பாட்டில் எது ஒரே மாதிரி வந்துகொண்டிருக்கிறது, எந்த இடத்தில் அது மாறுகிறது என்று பிடிப்பதற்காக. மாறுகிற இடத்தில்தான் பெரும்பாலும் கவிஞர் ஏதோ செய்திருப்பார். இந்த வழிகாட்டி முழுக்க அந்த இடத்தைத் தேடுவதுதான்.

தேவையானவை: ஒரு பென்சில், பாட்டை இடம் விட்டு எழுதிய தாள், பக்கத்தில் யாரும் இல்லாத அரை மணி நேரம். கடைசியில் சொன்னது முக்கியம். வாய்விட்டுப் படிக்க வேண்டியிருக்கும்.

முதலில் வாய், அப்புறம் பென்சில்

பாட்டை மூன்று முறை சத்தமாகப் படியுங்கள். முதல் முறை சும்மா. இரண்டாம் முறை மேசையில் விரலால் தட்டிக்கொண்டே. மூன்றாம் முறை நாக்கும் உதடும் என்ன செய்கின்றன என்று கவனித்தபடி. எங்கே தட்டு தடுமாறியதோ அங்கே தாளில் ஒரு புள்ளி வையுங்கள். இப்போதைக்குக் காரணம் தேட வேண்டாம். பின்னால் கணக்குப் போட்டுப் பார்க்கும்போது அந்தப் புள்ளிகளில் பாதியாவது உங்களுக்கு உதவும்.

அசை பிரித்தல்

தமிழில் தாளத்தின் அடிப்படை அசை. இரண்டே வகை: நேர், நிரை. பிரிக்கும் முறையை மூன்று வாக்கியத்தில் சொல்லிவிடலாம். நெடில் வந்தால் அங்கேயே வெட்டு. குறிலுக்குப் பின் புள்ளி வைத்த எழுத்து வந்தால், அதையும் சேர்த்துக்கொண்டு வெட்டு. குறிலுக்குப் பின் இன்னோர் உயிரோ உயிர்மெய்யோ வந்தால், குறிலோ நெடிலோ, இரண்டையும் சேர்த்து வெட்டு. முதல் இரண்டும் நேர், மூன்றாவது நிரை. துணைக்கு யாரும் கிடைக்காமல் சீரின் (அசைகளால் ஆனது சீர்) கடைசியில் தனியாக நிற்கும் குறிலும் நேர்தான். வெட்டிய துண்டுக்குப் பின்னால் ஒற்று, அதாவது புள்ளி வைத்த எழுத்து, நின்றால் அதுவும் அந்தத் துண்டோடு போய்விடும். இரண்டு ஒற்று வந்தாலும் சரி, ‘பார்க் / கும்’ என்பது போல. ஆய்தத்தையும் ஒற்றாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐகாரத்தில் மட்டும் கொஞ்சம் கவனம். சொல்லின் முதலில் வந்தால் அது நெடில். நடுவிலும் கடைசியிலும் குறுகிவிடும், குறிலாகவே எண்ண வேண்டும். ‘பச்சைநிறம்’ என்பதில் ‘சைநி’ ஒரு நிரை. இங்கே சறுக்காதவர் கிடையாது.

எல்லாருக்கும் தெரிந்த ஒரு குறளை எடுப்போம், 391.

கற்க கசடறக் கற்பவை கற்றபின்
நிற்க அதற்குத் தக.

பிரித்தால்:

கற் / க – நேர் நேர் – தேமா
கச / டறக் – நிரை நிரை – கருவிளம்
கற் / பவை – நேர் நிரை – கூவிளம்
கற் / றபின் – நேர் நிரை – கூவிளம்
நிற் / க – நேர் நேர் – தேமா
அதற் / குத் – நிரை நேர் – புளிமா
தக – நிரை – மலர்

வாய்பாடுகளை மனப்பாடம் செய்யக் கஷ்டப்பட வேண்டாம். அந்தப் பெயர்களை அலகிட்டுப் பாருங்கள்: தே/மா நேர் நேர், புளி/மா நிரை நேர், கரு/விளம் நிரை நிரை, கூ/விளம் நேர் நிரை. பெயரே விடை. மூன்றசையாகி நேரில் முடிந்தால் பின்னால் ‘காய்’ சேரும், நிரையில் முடிந்தால் ‘கனி’ சேரும். வெண்பாவின் கடைசிச் சீருக்கு மட்டும் தனிப் பெயர்கள்: நாள், மலர், காசு, பிறப்பு.

இப்போது வாய்பாட்டை ஒதுக்கிவிட்டு எழுத்துகளை மட்டும் பாருங்கள். இந்தக் குறளில் ஒரு நெடில்கூட இல்லை. ‘வை’ ஒன்று இருக்கிறது, அதுவும் குறுகிய ஐகாரம். ‘ற்’ ஐந்து இடத்தில் மோதி நிற்கிறது. இழுத்துப் பாட வழியே இல்லாமல், சுத்தியலால் தட்டினாற்போல ஒவ்வோர் அசையும் நறுக்கென்று முடிகிறது. முதல் அடியின் நான்கு சீரும் ககரத்தில் தொடங்குகின்றன. ‘நிற்க’ என்ற இடத்தில் அந்த ஓட்டம் நின்றுவிடுகிறது. நிற்கச் சொல்லும் சொல்லிலேயே ஓசையும் நிற்கிறது. வள்ளுவர் திட்டமிட்டுச் செய்தாரா என்று என்னைக் கேட்காதீர்கள். காதில் விழுவதைத்தான் சொல்கிறேன்.

சொல் வேறு, சீர் வேறு

புதிதாகத் தொடங்குபவர் தடுக்கி விழும் இடம் இதுதான். நாம் பொருளுக்காகச் சொல்லைப் பிரித்து அச்சிடுகிறோம். பாட்டு அந்த இடைவெளிகளைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

குறள் 66 பல புத்தகங்களில் இப்படி இருக்கும்: ‘குழல்இனிது யாழ்இனிது என்ப தம்மக்கள்’. அச்சில் இருந்தபடியே நான் ஒருமுறை அலகிட்டேன். என்ப – தேமா. தம்மக்கள் – தேமாங்காய். மாவுக்குப் பின்னால் நேர். குறளும் வெண்பாதான், வெண்பாவில் அது கூடாது. வள்ளுவரே தளை தட்டிவிட்டார், அதாவது சீரோடு சீர் சேரும் விதியை மீறிவிட்டார் என்று ஒரு நாள் முழுக்க உள்ளூர மகிழ்ச்சியோடு திரிந்தேன். தப்பு என்னுடையது. பாட்டின் சீர்கள் இப்படி வரும்:

குழலினி தியாழினி தென்பதம் மக்கள்
மழலைச்சொல் கேளா தவர்.

‘தம் மக்கள்’ இரண்டாக வெட்டுப்பட்டு, ‘தம்’ முன்னால் உள்ள ‘என்ப’வோடு போய் ஒட்டிக்கொண்டது. தென் / பதம் – கூவிளம். மக் / கள் – தேமா. விளத்துக்குப் பின் நேர், சரியாக இருக்கிறது.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. ‘இனிது’க்குப் பின் ‘யாழ்’ வரும்போது உகரம் இகரமாகி ‘தியாழினி’ என்றாகிறது. அப்படியே அலகிட்டால் தியா / ழினி, நிரை நிரை. முன்னால் உள்ள ‘குழலினி’யும் கருவிளம், எனவே விளத்துக்குப் பின் நிரை வந்து தளை தட்டும். ஆனால் அந்த ‘தி’ குற்றியலிகரம், குறுகி ஒலிக்கும் இகரம். அரை மாத்திரைதான், வாயில் வந்ததும் தெரியாது போனதும் தெரியாது. கணக்கில் எடுக்காமல் விட்டால் யா / ழினி, கூவிளம். தளை நேராகிவிட்டது.

ஆகவே, தளை தட்டுகிறது என்று தோன்றினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது புத்தகத்தின் இடைவெளியை. சந்தியைச் சேர்த்துவிட்டு மறுபடி அலகிடுங்கள். அப்படியும் தட்டினால் அளபெடை (ஓசைக்காக எழுத்தை நீட்டுவது, பின்னால் வரும்), குற்றியலிகரம், ஐகாரம் ஆகிய மூன்றையும் பாருங்கள். அதற்குப் பிறகும் தட்டினால்தான் கவிஞர்மேல் கை வைக்கலாம். இணையத்தில் அவலோகிதம் போல அலகிட்டுத் தரும் மென்பொருளும் இருக்கிறது. கையால் போட்ட கணக்கைச் சரிபார்க்க நல்லது. கையால் போடுவதற்குப் பதிலாக அதைப் பயன்படுத்தினால் காது வளராது.

தளை

நிற்கும் சீரின் கடைசியும் வரும் சீரின் முதலும் எப்படிச் சேர்கின்றன என்பதே தளை. வெண்பாவுக்கு மூன்று விதி: மாவுக்குப் பின் நிரை, விளத்துக்குப் பின் நேர், காய்க்குப் பின் நேர். வேறெதுவும் உள்ளே வரக்கூடாது, கனிச்சீர் தலைகாட்டவே கூடாது. மேலே போட்ட குறள் 391-ஐ இந்த விதியோடு ஒத்துப் பாருங்கள். ஆறு இணைப்பும் பொருந்தும்.

மாவுக்குப் பின் நேரும் விளத்துக்குப் பின் நிரையும் தாராளமாக வந்தால் அது ஆசிரியப்பாவின், அதாவது அகவலின் நடை. ‘யாயும் ஞாயும் யாரா கியரோ’ என்ற குறுந்தொகை அடியில் தேமா, தேமா, தேமா, புளிமா. வெண்பாவாக இருந்தால் முதல் இணைப்பிலேயே தோற்றிருக்கும். அகவலில் அதுதான் இயல்பு, பேசுவது போல ஓடும்.

ஒரே அளவான நான்கு அடிகளால் ஆன விருத்தத்தில் வேலை வேறு மாதிரி. தளையை விட்டுவிட்டு, முதல் அடியின் சீர் வரிசையை எழுதிக்கொண்டு மற்ற மூன்று அடியும் அதையே பின்பற்றுகின்றனவா என்று பார்க்க வேண்டும். கம்பராமாயணத்தின் முதல் பாட்டு இதற்கு அச்சு வார்த்த உதாரணம்:

உலகம் யாவையும் தாமுள வாக்கலும்
நிலைபெ றுத்தலும் நீக்கலும் நீங்கலா
அலகி லாவிளை யாட்டுடை யாரவர்
தலைவர் அன்னவர்க் கேசரண் நாங்களே

நான்கு அடியிலும் புளிமா, கூவிளம், கூவிளம், கூவிளம். பதினாறு சீரில் ஒன்றுகூட வழி மாறவில்லை. ஒற்றெழுத்தை விட்டுவிட்டு எண்ணினால் ஒவ்வோர் அடியிலும் 12 எழுத்து. இந்த ஒழுங்குக்காக ‘நிலைபெறுத்தலும்’ நடுவில் அறுபடுகிறது, ‘விளையாட்டு’ம் அறுபடுகிறது. வகையுளி என்பார்கள். ஆக்குவது, நிறுத்துவது, அழிப்பது என்ற மூன்றையும் ஓயாத ஒரே விளையாட்டு என்று சொல்கிற பாட்டு ஓயாத ஒரே நடையில் போகிறது. இந்தப் பாட்டில் ஒழுங்கு மாறும் இடமே இல்லை. அப்படி இல்லாமல் இருப்பதும் ஒரு தகவல்தான், குறித்துக்கொள்ளுங்கள்.

அளபெடை என்ற ஒட்டுப்போடும் கலை

குறள் 12-ஐ முறைப்படி இன்னும் முன்னாலேயே கொண்டுவந்திருக்க வேண்டும். பிடித்த பலகாரத்தைக் கடைசியில் சாப்பிடுகிற பழக்கம் எனக்கு.

துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கித் துப்பார்க்குத்
துப்பாய தூஉம் மழை.

துப் / பார்க் / குத் – தேமாங்காய். துப் / பா / ய – தேமாங்காய். துப் / பாக் / கித் – தேமாங்காய். அடுத்ததும் தேமாங்காய். இரண்டாம் அடியின் முதல் சீரும் தேமாங்காய். வரிசையாக ஐந்து! அசை கணக்கில் பதினைந்து நேர், நடுவில் ஒரு நிரைகூட இல்லை. ஓட்டுக்கூரையின்மேல் பெருமழை விழும் சத்தம் கேட்டிருப்பீர்களே, அதுதான்.

அதன் பிறகு ‘தூஉம்’. உண்மையான சொல் ‘ஆயதூஉம்’, அதாவது ‘ஆவதும்’. ‘தூம்’ என்றே விட்டிருந்தால் ஒரே ஒரு நேரசை. இரண்டாம் அடியின் நடுவில் ஓரசைச் சீருக்கு இடமில்லை. ஓர் உகரத்தைச் சேர்த்து நீட்டினால் தூ / உம், தேமா. அடுத்து ‘மழை’ என்ற நிரை வந்து பொருந்திவிடுகிறது. இலக்கண நூல்கள் இதைச் செய்யுளிசை அளபெடை என்று பெயரிட்டு நகர்ந்துவிடும். நீங்கள் அங்கே நில்லுங்கள். ஐந்து தேமாங்காய்க்குப் பிறகு முதன்முறையாக ஓசை நீள்கிறது. அந்த நீட்சி முடிந்ததும், அதுவரை பெயர் சொல்லாமல் மறைத்து வைத்திருந்த பொருள் வெளியே வருகிறது: மழை. குறளின் ஒரே நிரையசையும் அதுதான். அதிகாரமே வான்சிறப்பு என்றாலும் இந்தக் குறளில் ‘மழை’ என்ற சொல் ஒரே ஒரு முறை, கடைசியில்.

பொருளையும் பார்த்துவிடுவோம். உண்பவர்களுக்கு நல்ல உணவை உண்டாக்கித் தந்து, அவர்களுக்குத் தானே உணவாகவும் ஆவது மழை. ‘துப்பு’ ஐந்து முறை வந்தாலும் ஐந்தும் ஒன்றல்ல. ‘துப்பார்’ என்றால் உண்பவர், ‘துப்பாய’ முதலில் வருமிடத்தில் ‘நல்ல’, ‘துப்பாக்கி’ என்றால் உணவாக்கி. (துப்பாக்கி என்று படித்ததும் வகுப்பில் சிரிப்பு எழாத ஆண்டே இருக்காது.)

மோனை, எதுகை, இயைபு

முதல் எழுத்து ஒன்றினால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை, கடைசி எழுத்தோ அசையோ சீரோ ஒன்றினால் இயைபு. இவ்வளவும் எல்லாருக்கும் தெரியும். தெரியாமல் போவது நுணுக்கங்கள்.

எதுகையில் இரண்டாம் எழுத்து பொருந்தினால் மட்டும் போதாது. முதல் எழுத்து அளவில் ஒத்திருக்க வேண்டும். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். கற்க – நிற்க பொருந்தும். பாடம் – படம் பொருந்தாது. மோனையில் அதே எழுத்துதான் வர வேண்டும் என்று இல்லை. இன எழுத்தும் போதும். அ, ஆ, ஐ, ஔ ஒரு கூட்டம். இ, ஈ, எ, ஏ ஒரு கூட்டம். உ, ஊ, ஒ, ஓ ஒரு கூட்டம். மெய்யில் ச–த, ஞ–ந, ம–வ உறவு.

நாற்சீர் அடியில் மோனையோ எதுகையோ எந்தெந்தச் சீரில் விழுகிறது என்பதற்கு ஏழு பெயர் இருக்கிறது: 1, 2 என்றால் இணை, 1, 3 பொழிப்பு, 1, 4 ஒரூஉ, 1, 2, 3 கூழை, 1, 3, 4 மேற்கதுவாய், 1, 2, 4 கீழ்க்கதுவாய், நான்கிலும் என்றால் முற்று. தேர்வுக்கு இல்லையென்றால் பெயரை விடுங்கள், இடத்தை வட்டமிடுங்கள். பொழிப்பு காதுக்கு மிக இயல்பானது, அடியின் நடுவில் ஒரு கதவு போல இருக்கும். முற்று வந்தால் கவிஞர் உரக்கப் பேசுகிறார் என்று அர்த்தம்.

இயைபைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலப் பாடலில் வரிக் கடைசிதான் ராஜா. தமிழ் மரபில் ஓசை பெரும்பாலும் வரியின் தலையில் இருக்கிறது. வரி முடிவில் எதுவும் ஒன்றவில்லையே என்று ஒரு பழைய பாட்டைக் குறை சொல்பவர் தப்பான முனையில் தேடுகிறார். திரைப்பாட்டு கேட்டு வளர்ந்த நமக்கு இப்போது இரண்டு முனையிலும் காது உண்டு, அது வேறு கதை.

திரும்ப வருவது

ஒரு சொல் மறுபடி வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எது திரும்பியது? எந்த இடத்தில்? திரும்பும்போது என்ன மாறியிருக்கிறது? மூன்றாவதுதான் பாட்டின் சாவி. அணி இலக்கணம் தரும் பெயர்களும் இந்தக் கேள்விகளைத்தான் சுற்றுகின்றன: அதே சொல் வேறு பொருளில் வந்தால் சொல் பின்வருநிலை, அதே சொல் அதே பொருளில் என்றால் சொற்பொருள் பின்வருநிலை, ஒரே பொருள் வெவ்வேறு சொல்லில் என்றால் பொருள் பின்வருநிலை. ஒரு பாட்டின் முடிவு அடுத்ததன் தொடக்கமானால் அந்தாதி.

குறள் 350-ஐப் பாருங்கள்.

பற்றுக பற்றற்றான் பற்றினை அப்பற்றைப்
பற்றுக பற்று விடற்கு.

ஏழு சீரில் ஆறில் ‘பற்று’. எல்லாம் சொல்லி முடிந்தபின் வரும் ‘விடற்கு’ ஒன்றுதான் பற்றில்லாத சீர். ஒவ்வொரு ‘ப’விலும் உதடு இரண்டும் ஒட்டுகின்றன, ‘விடற்கு’ சொல்லும்போது ஒட்டுவதில்லை. பட்டிமன்ற மேடையில் கைதட்டல் வாங்கித் தேய்ந்துபோன செய்திதான், ஆனாலும் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பாருங்கள்.

இனிக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க பாரதியின் ஒரு பாட்டு. வெண்பாவும் அல்ல, விருத்தமும் அல்ல, பாடுவதற்கென்றே பிறந்தது. முறைகள் அத்தனையையும் ஒரே இடத்தில் பயன்படுத்தலாம்.

காக்கைச் சிறகினிலே நந்தலாலா – நின்றன்
கரியநிறம் தோன்றுதையே நந்தலாலா
பார்க்கும் மரங்களெல்லாம் நந்தலாலா – நின்றன்
பச்சைநிறம் தோன்றுதையே நந்தலாலா
கேட்கும் ஒலியிலெல்லாம் நந்தலாலா – நின்றன்
கீதம் இசைக்குதடா நந்தலாலா
தீக்குள் விரலைவைத்தால் நந்தலாலா – நின்னைத்
தீண்டுமின்பம் தோன்றுதடா நந்தலாலா

முதலில் மோனை. காக்கை – கரிய, பார்க்கும் – பச்சை, கேட்கும் – கீதம், தீக்குள் – தீண்டும். இரண்டிரண்டு வரியாகக் கட்டிப்போட்டிருக்கிறது. அப்புறம் எதுகை: காக்கை, தீக்குள் இரண்டிலும் ‘க்’ நேரடியாக ஒன்றுகிறது. ‘பார்க்கும்’ நடுவில் ஒரு ‘ர்’ புகுந்திருக்கிறது. ய, ர, ல, ழ ஒற்றுகள் இப்படி இடையில் வந்தால் மன்னிப்பு உண்டு, ஆசிடை எதுகை என்று பெயர். ‘கேட்கும்’ என்பதில் ‘ட்’. அது வல்லினத்துக்கு வல்லினம் என்ற அளவில் இன எதுகை. பாடும்போது நான்கும் ஒன்றாகவே கேட்கும்.

இப்போது அலகிடுங்கள். ஒற்றைப்படை வரிகளில் ‘நின்றன்’ என்ற தனிச்சொல்லை ஒதுக்கிவிட்டால்: காக் / கைச் தேமா, சிற / கினி / லே கருவிளங்காய், நந் / தலா / லா கூவிளங்காய். பார்க்கும் தேமா, மரங் / களெல் / லாம் கருவிளங்காய். கேட்கும் தேமா, ஒலி / யிலெல் / லாம் கருவிளங்காய். தீக்குள் தேமா, விர / லைவைத் / தால் கருவிளங்காய். நான்கும் அச்சு அசலாக ஒன்று. பாடுகிற பாட்டில் குறைந்ததை இழுத்தும் கூடியதை விரைந்தும் சரிசெய்துவிடலாம், ஆகவே இவ்வளவு ஒழுங்குக்கு அவசியமே இல்லை. ஆனாலும் இருக்கிறது. காக்கையைப் பார்க்கும்போது என்ன நடையோ, விரல் தீக்குள் போகும்போதும் அதே நடை. தாளம் பதறவில்லை. சுடும் என்று நாம் எதிர்பார்க்கிற இடத்தில் ‘இன்பம்’ என்ற சொல் வரப்போவதை அந்தப் பதறாத தேமா கருவிளங்காய் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

இரட்டைப்படை வரிகள் அப்படி இல்லை. கரியநிறம் கருவிளங்காய், பச்சைநிறம் கூவிளங்காய், மூன்றாம் இணையில் ‘கீதம் இசைக்குதடா’ வந்ததும் தேமா, கருவிளங்காய், அதாவது மேல்வரியின் நடை அப்படியே கீழே இறங்கிவிடுகிறது. கண்ணில் பட்டதைச் சொல்லி முடித்துக் காதுக்கு மாறும் இடம் அது. இசை என்று சொல்லும் வரியிலேயே இரண்டு வரியும் ஒரே நடையாகிப் போகின்றன.

திரும்ப வருவதற்கு வருவோம். ‘நந்தலாலா’ எட்டு முறை, ஒரு மாற்றமும் இல்லாமல். மாறாத ஒன்று இப்படி நடுவில் நின்றால் சுற்றிலும் மாறுவது பளிச்சென்று தெரியும், கம்பத்தைச் சுற்றி ஆடுகிற மாதிரி. ‘தோன்றுதையே’ என்று இருமுறை. மூன்றாவது முறை ‘இசைக்குதடா’, நான்காவது ‘தோன்றுதடா’. ஐயா என்ற குரல் அடா ஆகிவிட்டது. மரியாதை குறையவில்லை, தூரம் குறைந்துவிட்டது. அடுத்து ‘நின்றன்’: மூன்று முறை. உன் கறுப்பு, உன் பச்சை, உன் கீதம். எல்லாம் அவனுக்கு உரியவை, அவன் அல்ல. கடைசியில் ‘நின்னை’. ஒரே ஓர் உருபு மாறுகிறது. கண்டும் கேட்டும் கொண்டிருந்தவர் இப்போது தொட்டுவிட்டார்.

இந்த ‘நின்றன் – நின்னை’ மாற்றத்தை நான் பாட்டாகக் கேட்டபோதெல்லாம் தவறவிட்டிருக்கிறேன். தாளில் எழுதி, திரும்ப வரும் சொற்களை வட்டமிட்டுக்கொண்டே வந்தபோது, நாலாவது வட்டம் போட முடியாமல் பென்சில் நின்றது. அப்போதுதான் தெரிந்தது.

எழுதும்போது

கண்டுபிடித்ததை எல்லாம் எழுத வேண்டாம். எந்தெந்தச் சீர் எத்தனை என்ற பட்டியலை யாரும் படிக்க மாட்டார்கள். ஒழுங்கு எது, அது உடையும் இடம் எது, அங்கே பொருளில் என்ன நடக்கிறது என்று மூன்று வாக்கியம் எழுத முடிந்தால் அலசல் கைகூடிவிட்டது. பொருளில் எதுவும் நடக்கவில்லையா? அப்போது அது வெறும் ஓசைத் தேவை, அப்படியே சொல்லிவிடுங்கள். எல்லா ‘க்’கிலும் தத்துவம் காண்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம்.

புதுக்கவிதைக்கு அசை, சீர் கணக்கு தேவைப்படாது. அங்கே வரி எங்கே உடைக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தளையின் இடத்தில் வையுங்கள், திரும்ப வரும் சொல்லுக்கு அதே மூன்று கேள்விகள்.

கைப்பழக்கத்துக்கு ஒன்று. மேலே ‘பற்றுக’ என்று பார்த்தோமே, அந்தத் துறவு அதிகாரத்தின் கடைசிக் குறள் அது. அதே அதிகாரத்தின் முதல் குறள், 341:

யாதனின் யாதனின் நீங்கியான் நோதல்
அதனின் அதனின் இலன்.

அலகிட்டால் கூவிளம், கூவிளம், கூவிளம், தேமா, புளிமா, புளிமா, மலர் என்று வர வேண்டும். வரவில்லையென்றால் ‘கியான்’ என்பதை ஒரே நிரையாகப் பிரித்தீர்களா என்று பாருங்கள். இரண்டு அடியிலும் இரண்டாம் எழுத்து ‘த’வாக இருக்கிறதே, எதுகையா என்றால், ‘யா’வையும் ‘அ’வையும் அளந்து பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். அப்புறம் கண்ணாடி முன் போய்ச் சத்தமாகச் சொல்லுங்கள், உதடு எத்தனை முறை ஒட்டுகிறது என்று எண்ணிக்கொண்டே.